வெளுத்துப்போன கறுப்பு பம்பருக்குப் பெயிண்ட் அடிக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். அப்பா 2007-இல் வாங்கிய மாருதி 800, திருச்சியில் இருக்கிறது. என்ஜின் நன்றாக ஓடுகிறது, பாடியிலும் துரு இல்லை. ஆனால் முன்னும் பின்னும் உள்ள கறுப்பு பம்பர், பக்கக் கண்ணாடியின் கூடு, கதவில் ஓடும் பட்டை, வைப்பருக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் சாம்பல் பூத்து வெளுத்துவிட்டன. வாட்டர் வாஷ் கடையில் தடவிவிடும் பாலிஷ் ஒரு வாரம்கூட நிற்பதில்லை. கறுப்பு ஸ்பிரே பெயிண்ட் வாங்கி அடித்துவிடலாமா, இல்லை உரிந்து வந்து இன்னும் அசிங்கமாகிவிடுமா?

அடிக்கலாம். பல வருடம் நிற்கிற மாதிரியே அடிக்கலாம். ஆனால் அது நிற்பதும் உரிவதும் பெயிண்ட் டப்பாவின் கையில் இல்லை. என் வண்டியும் 800தான். அதன் பின் பம்பருக்கு முதல் தடவை பெயிண்ட் அடித்தபோது நான்கே மாதத்தில், வண்டி கழுவும்போது தண்ணீர் வேகமாகப் பட்ட இடத்திலிருந்து வாழைப்பட்டை மாதிரி நீளநீளமாக உரிந்து வந்தது. அத்தனையையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி அடித்தேன். அது ஆறாவது வருடமாக அப்படியே இருக்கிறது. இரண்டு தடவையும் ஒரே கம்பெனியின் அதே பெயிண்ட்தான். அடிப்பதற்கு முன் செய்த வேலைதான் வேறு. அதனால் இந்தப் பதிலில் பெயிண்டைவிட, பெயிண்டுக்கு அடியில் இருப்பதைப் பற்றித்தான் அதிகம் சொல்லப்போகிறேன்.

முதலில் ஒரு சின்னச் சோதனை. ஒரு குவளைத் தண்ணீரை வெளுத்த இடத்தில் ஊற்றுங்கள். ஈரம் பட்டதும் கன்னங்கரேல் என்று ஆகிவிடும், காய்ந்ததும் பழையபடி வெளுக்கும். கறுப்பு எங்கேயும் போய்விடவில்லை என்பது இதிலேயே தெரியும். இந்தப் பிளாஸ்டிக்கில் கறுப்பு மேலே பூசியது அல்ல. அச்சில் வார்க்கும்போதே கார்பன் பிளாக் என்ற கரித்தூளை உள்ளே கலந்துவிடுகிறார்கள். பம்பரை எங்கே வெட்டிப் பார்த்தாலும் உள்ளே வரை கறுப்புதான்.

அப்படியானால் வெளுப்பது எது? பம்பர்கள் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கில் செய்தவை. நம் வீட்டு வாளி, டப்பா வகையறா. இடித்தால் உடையாமல் வளைந்துகொடுக்க அதோடு கொஞ்சம் ரப்பரையும், விறைப்பாக நிற்க டால்க் என்ற வெள்ளைக் கல்மாவையும் சேர்ப்பார்கள். முகப் பவுடரில் போடுவார்களே, அதே டால்க்தான். வெயிலின் புற ஊதாக் கதிர் பாலிபுரோப்பிலீனின் நீளமான மூலக்கூறுச் சங்கிலிகளை அறுத்துக்கொண்டே இருக்கும். கார்பன் பிளாக்கும், கூடச் சேர்த்திருக்கும் பாதுகாப்பு ரசாயனங்களும் பல வருடம் அதைத் தடுத்து நிறுத்தும். ரசாயனங்கள் தீர்ந்ததும் மேல்தோல் நொறுங்க ஆரம்பிக்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன, உள்ளே இருந்த டால்க் வெளியே தலைகாட்டுகிறது. அந்தக் கரடுமுரடான தோலில் விழுகிற வெளிச்சம் நாலாபக்கமும் சிதறுவதால் நம் கண்ணுக்குச் சாம்பலாகத் தெரிகிறது. தண்ணீர் ஊற்றினால் அது வெடிப்புகளை நிரப்புகிறது, சிதறல் நின்று கறுப்பு தெரிகிறது. காய்ந்த மண் வெளிறியும் நனைந்த மண் கறுத்தும் தெரிவதும் இதே கணக்குதான்.

வாட்டர் வாஷ் கடைக்காரர் தடவுகிற பாலிஷ் ஏன் ஒரு வாரத்தில் போகிறது என்பதும் இப்போது புரிந்திருக்கும். அது பெரும்பாலும் சிலிகான் எண்ணெய். தண்ணீர் செய்த அதே வேலையைக் கொஞ்சம் கூடுதல் நாள் செய்கிறது, மழையிலும் கழுவலிலும் போய்விடுகிறது. தேங்காய் எண்ணெய், டீசல், பழைய என்ஜின் ஆயில், ஷூ பாலிஷ் என்று ஊரில் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாமே வெடிப்பை நிரப்புகிற வித்தைதான். இதில் டீசலும் என்ஜின் ஆயிலும் மோசம். பிளாஸ்டிக்கில் இருக்கிற ரப்பருக்குள் இறங்கி அதை ஊறவைக்கும், புழுதியையும் வாரிக்கொள்ளும். என்றைக்காவது பெயிண்ட் அடிக்கும் எண்ணம் இருந்தால் இன்றிலிருந்தே எதையும் தடவவிடாதீர்கள். என் முதல் முயற்சி தோற்றதற்குப் பாதிக் காரணம், வருடக்கணக்கில் தடவி வைத்திருந்த சிலிகான்தான்.

இன்னொரு சங்கதியும் பார்த்துக்கொள்ளுங்கள். பாடிக்கு வேக்ஸ் போடும்போது சொரசொரப்பான பிளாஸ்டிக்கில் பட்டு வெள்ளையாகக் காய்ந்து நிற்கும். அது வெளுப்பு இல்லை, வெறும் அழுக்கு. பிரஷ்ஷும் சோப்பும் போட்டுத் தேய்த்தால் போய்விடும். நன்றாகத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகுதான் பெயிண்டா வேண்டாமா என்ற பேச்சே.

பெயிண்டுக்கு முன்னால் வேறு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஹீட் கன். வெளுத்த இடத்தில் சூட்டைக் காட்டினால் மேல்தோல் லேசாக உருகி வெடிப்பு மூடி, கண் முன்னாலேயே கறுப்பு திரும்பும். வீடியோவில் பார்க்க மந்திரம் மாதிரி இருக்கும். ஆனால் அந்தத் தோலில் பாதுகாப்பு ரசாயனம் ஏற்கெனவே தீர்ந்துவிட்டது. நம் ஊர் வெயிலில் சில மாதத்தில் மறுபடி வெளுக்கும். பாலிபுரோப்பிலீன் ஏறக்குறைய 165 டிகிரியில் உருகிவிடும், ஹீட் கன்னின் வாயில் 500 டிகிரி வரைக்கும் வரும். ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றால் பம்பர் நெளிந்துபோகும், சொரசொரப்பு மழுங்கி அங்கங்கே பளபளப்பாகத் தெரியும். பெயிண்டால் அதை மறைக்கவும் முடியாது. எனக்கு இந்த வழியில் உடன்பாடில்லை.

இரண்டாவது, துணியில் தொட்டுத் தேய்க்கிற கறுப்புச் சாய வகைகளும், பிளாஸ்டிக்குக்கென்றே வருகிற செராமிக் கோட்டிங்கும். பிளாஸ்டிக் லேசாக மங்கியிருந்தால் நான் பெயிண்டைத் தொடவே மாட்டேன், இவற்றைத்தான் சொல்வேன். சொரசொரப்பு அப்படியே இருக்கும், உரிவதற்கு எதுவும் இல்லை, மங்கினால் மறுபடி தேய்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு வருட வண்டியின் பக்கவாட்டு கிளாடிங்குக்கு, அதாவது பாடியின் கீழ் ஓரத்தில் ஓடும் கறுப்புப் பிளாஸ்டிக்குக்கு, இது நல்ல வழி. ஆனால் கையால் தேய்த்தால் விரலில் சாம்பல் மாவு ஒட்டுகிற நிலைக்கு வந்துவிட்ட பதினெட்டு வருடப் பம்பருக்கு இது திட்டுத்திட்டாகத்தான் பிடிக்கும். உங்கள் வண்டி அந்த நிலையில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அதற்குப் புதுத் தோல் வேண்டும். அந்தப் புதுத் தோல்தான் பெயிண்ட்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு இறங்குங்கள். பெயிண்ட் அடித்த பிறகு திரும்பி வர வழி கிடையாது. பிறகு கல் பட்டுத் தெறித்தால், சுவரில் உரசினால், அந்த இடத்துக்கு டச் அப் கொடுத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வேலை, எந்தப் பாகம் எந்தப் பிளாஸ்டிக் என்று தெரிந்துகொள்வது. கழற்றிய பாகத்தின் உள்பக்கத்தில் இரண்டு அம்புக்குறிகளுக்கு நடுவே ஆங்கில எழுத்துகள் அச்சாகியிருக்கும். பிபி என்றோ, பிபி-யோடு ஈபிடிஎம் (அது ரப்பர்) என்றோ இருந்தால் பாலிபுரோப்பிலீன் குடும்பம். பக்கத்தில் டிடி20 என்று இருந்தால் அதில் 20 சதவீதம் டால்க். ஏபிஎஸ் என்றிருந்தால் அது வேறு சாதி. வண்டியின் முன்பக்கக் கிரில்லிலும் கண்ணாடிக் கூட்டிலும் அடிக்கடி பார்க்கலாம். பழைய வண்டிகளில் குறி எதுவும் இல்லாமலும் இருக்கும். அப்போது உள்பக்கம் ஒரு மூலையில் காய்ந்த உப்புத்தாளால் நான்கு இழுப்பு இழுங்கள். ஏபிஎஸ் பொடியாக உதிரும். பாலிபுரோப்பிலீன் பொடியாகாது, நார்நாராகக் கிளம்பும். ஒரு துணுக்கைச் சீவித் தண்ணீரில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். மிதந்தால் பாலிபுரோப்பிலீன் என்பது சரிதான். மூழ்கினால் முடிவுக்கு வராதீர்கள், டால்க் நிறையக் கலந்த பாலிபுரோப்பிலீனும் மூழ்கும்.

இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், பாலிபுரோப்பிலீனில் எதுவுமே ஒட்டாது. ஃபெவிகால் டப்பாவும் பெயிண்ட் வாளியும் இந்த வகைப் பிளாஸ்டிக்கில் வருவதைப் பார்த்திருப்பீர்கள். காய்ந்த ஃபெவிகாலை அதன் ஓரத்திலிருந்து சுலபமாக உரித்து எடுக்கலாம். பம்பரில் நேரடியாக அடித்த பெயிண்டுக்கும் அதே கதிதான். எண்ணெய்ப்பசையுள்ள தோசைக்கல்லில் தண்ணீர் முத்து முத்தாகத் திரள்வதுபோல, இந்தப் பிளாஸ்டிக்கின் மேல் திரவம் பரவி உட்காராமல் திரண்டு நிற்கப் பார்க்கும். தொழிற்சாலையில் இதற்காகவே பம்பரின் மேல் தீச்சுவாலையை ஒரு நொடி ஓட்டி மேற்பரப்பை மாற்றுகிறார்கள், அல்லது இதற்கென்று உள்ள பிரைமரை, அதாவது பெயிண்டுக்கு அடியில் போடும் பூச்சை, அடிக்கிறார்கள். தீ வேலை வீட்டில் வேண்டாம். துடைத்த தின்னரின் ஆவி இன்னும் போகாத பம்பரில் நெருப்பு என்பது நினைத்துப் பார்க்கவே கூடாத விஷயம்.

நமக்கு வேண்டியது அட்ஹீஷன் ப்ரமோட்டர். குளோரின் ஏற்றிய பாலியோலெஃபின் என்ற பொருளைக் கரைத்து வைத்த, தண்ணீர் மாதிரி மெல்லிய திரவம் அது. ஒரு பக்கம் பாலிபுரோப்பிலீனோடும் மறுபக்கம் பெயிண்டோடும் கைகோக்கும். பெயிண்ட் கடையில் பிளாஸ்டிக் பிரைமர் என்று கேட்டால் ஏதாவது ஒன்றைக் கொடுப்பார்கள். டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். பாலிபுரோப்பிலீனுக்கு, அதாவது பிபி-க்கு என்று அதில் எழுதியிருக்க வேண்டும். வெறும் ஏபிஎஸ்-க்கான பிரைமர் பம்பரில் பிடிக்காது. நிறமில்லாத வகையாகப் பார்த்து வாங்குங்கள். சாம்பல் நிறத்தில் கெட்டியாக வருவது சொரசொரப்பை நிரப்பிவிடும், பின்னால் கல் தெறித்தால் சாம்பல் புள்ளியும் தெரியும். கண்ணாடிக் கூடு ஏபிஎஸ் என்றால் இது தேவையே இல்லை, அதற்குச் சாதாரண பிளாஸ்டிக் பிரைமர் போதும்.

இனி கழுவுவது. மொத்த வேலையில் பாதி நேரம் இதற்குத்தான் போக வேண்டும். பம்பரைக் கழற்றிவிடுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்தால் சுலபமாகக் கழற்றி மாட்டித் தருவார். வண்டியிலேயே வைத்து மாஸ்கிங் டேப் ஒட்டி அடிப்பவர்கள் உண்டு. அப்படி அடித்தால் விளிம்பில் பெயிண்ட் முடிகிற கோடு தெரியும், உரிவதும் அந்த விளிம்பில்தான் தொடங்கும். கழற்றினால் பெயிண்டை உள்பக்கம் வரை மடித்து அடிக்கலாம். உள்பக்கத்தில் வெயில் படாத இடத்தின் நிறத்தையும் அப்போது பார்த்துக்கொள்ளுங்கள். அதுதான் வண்டி வந்தபோது இருந்த நிறம். சில வண்டிகளில் அது முழுக் கறுப்பாக இல்லாமல் அடர் சாம்பலாக இருக்கும்.

பாத்திரம் கழுவும் திரவச் சோப்பு, வெதுவெதுப்பான தண்ணீர், நைலான் பிரஷ். சொரசொரப்பின் பள்ளத்துக்குள் இறங்கும்படி எல்லாத் திசையிலும் தேய்க்க வேண்டும். மூன்று தடவை கழுவுங்கள். பிறகு வேக்ஸ் அண்ட் கிரீஸ் ரிமூவர். அது கிடைக்காவிட்டால் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, அது ஆவியாவதற்குள் வேறொரு உலர்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஒரே துணியால் துடைத்துக்கொண்டிருந்தால் சிலிகானை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குப் பரப்புகிறீர்கள், அவ்வளவுதான். பெயிண்டர்கள் கையில் வைத்திருக்கும் என்சி தின்னரைப் பிளாஸ்டிக்கில் ஊற்றித் துடைக்காதீர்கள். ஏபிஎஸ்ஸை அது வெடிக்கச் செய்யும், பம்பரில் இருக்கும் ரப்பரை உப்பவைக்கும்.

எண்ணெய்ப் பசை போன பிறகுதான் தேய்ப்பு. இந்த வரிசை மாறக்கூடாது. மாறினால் சிலிகானை உப்புத்தாளே வெடிப்புக்குள் அழுத்திவிடும். சொரசொரப்பான பம்பருக்குப் பாத்திரம் தேய்க்கும் நார் மாதிரி இருக்கும் சாம்பல் நிற ஸ்கஃப் பேட் நல்லது, வளைவிலும் பள்ளத்திலும் போகும். வழவழப்பான பாகத்துக்கு 600 நம்பர் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம். நோக்கம் இரண்டு. செத்த மேல்தோல் போக வேண்டும், பெயிண்ட் பிடித்துக்கொள்ள நுண்ணிய கீறல் விழ வேண்டும். தேய்க்கத் தேய்க்கத் தண்ணீர் சாம்பல் கலங்கலாக ஓடும். அந்தக் கலங்கல் நின்று தண்ணீர் ஓரளவு தெளிவாக வரும் வரை விடாதீர்கள். செத்த தோலின் மேல் எவ்வளவு நல்ல பெயிண்ட் அடித்தாலும் அது அந்தத் தோலோடு சேர்ந்துதான் கழன்று வரும். என் முதல் பெயிண்ட் உரிந்தபோது அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், விரலில் ஒட்டுகிற மாதிரி சாம்பல் மாவு. பிளாஸ்டிக்கின் செத்த தோல் பெயிண்டோடு உரிந்து வந்திருந்தது.

தேய்த்து முடித்துத் தண்ணீர் ஊற்றும்போது கவனியுங்கள். ஓர் இடத்தில் விரிந்தும் பக்கத்திலேயே இன்னோர் இடத்தில் முத்தாகத் திரண்டும் நின்றால், திரண்ட இடத்தில் சிலிகான் இன்னும் இருக்கிறது. அதை அப்படியே விட்டால் பெயிண்ட் அடிக்கும்போது அங்கே குட்டிக்குட்டிக் குழியாக விலகும். பிஷ் ஐ என்பார்கள். வந்த பிறகு அதன்மேல் எத்தனை கோட் அடித்தாலும் மூடாது. காயவைத்துத் தேய்த்து முதலிலிருந்து வர வேண்டியதுதான். எல்லாம் சரியாக இருந்தால் ஒரு மணி நேரம் வெயிலில் வைத்து, கிளிப் ஓட்டைகளில் தேங்கிய தண்ணீரை உதறி, நிழலில் ஆறவிடுங்கள். கடைசியாக ஒரு தடவை ஆல்கஹால் துடைப்பு. உலர்ந்த துணியால் மட்டும் துடைத்தால் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் உண்டாகித் தூசியை இழுக்கும்.

பம்பரில் ஆழமான கீறல் இருந்தால் அதன் ஓரத்தில் நார் கிளம்பி நிற்கும், பிளேடால் சீவிவிடுங்கள். பாடியில் பள்ளம் நிரப்பப் போடுகிற பட்டியை இங்கே வைக்காதீர்கள். பாலிபுரோப்பிலீனில் அது ஒட்டாது, பம்பர் வளையும்போது பெயர்ந்து விழும். விரிசல் இருந்தால் பிளாஸ்டிக் வெல்டிங் செய்பவரிடம் கொடுக்கலாம். அதே பிளாஸ்டிக் குச்சியால்தான் ஒட்டவைக்க முடியும் என்பதால் அந்த உள்பக்கக் குறியை அவரிடம் காட்டுங்கள். விரிசல் பெரிதென்றால் செலவு செய்யாதீர்கள். 800-க்குப் புது பம்பர் பெரிய விலை கிடையாது. சென்னைக்கு வருகிற வேலை இருந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் விசாரிக்கலாம், பழைய பாகம் போதுமென்றால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. கண்ணாடிக் கூடும் கதவுப் பட்டையும்கூட அப்படித்தான். பெயிண்ட் அடிக்கும் செலவை விசாரித்த விலையோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

பெயிண்டில் கறுப்பு என்றால் மூன்று வகை. பளபளப்பு, மேட், இரண்டுக்கும் நடுவில் சாட்டின். கம்பெனியிலிருந்து வந்த பிளாஸ்டிக்கின் தோற்றம் சாட்டின்தான், அதையே வாங்குங்கள். பளபளப்புக் கறுப்பு அடித்தால் பிளாஸ்டிக்கின் ஒவ்வொரு குறையும் கண்ணாடி மாதிரி தெரியும். முழு மேட் பார்க்க நன்றாக இருந்தாலும் கை பட்ட இடம், துணி உரசிய இடம் எல்லாம் தடமாக நிற்கும். பம்பர் அல்லது டிரிம்முக்கு என்று டப்பாவில் எழுதியிருந்தால் இன்னும் நல்லது, கொஞ்சம் வளைந்துகொடுக்கும்படி செய்திருப்பார்கள். கேட்டுக்கும் கிரில் கம்பிக்கும் அடிக்கிற எனாமல் ஸ்பிரே காய்ந்து விறைத்துவிடும், பம்பர் வளைந்தால் வெடிக்கும். மேலே பளபளக்கிற கிளியர் கோட் வேண்டவே வேண்டாம்.

அளவைப் பொறுத்தவரை, 800 அகலம் 1.44 மீட்டர்தான். பக்கவாட்டு மடிப்போடு சேர்த்தால் ஒரு பம்பர் முக்கால் சதுர மீட்டருக்குள் அடங்கும். 400 மி.லி. டப்பா ஒன்று ஒரு பம்பருக்கு மூன்று மெல்லிய கோட் வரும். இரண்டு பம்பர், கண்ணாடி, பட்டை எல்லாவற்றுக்கும் மூன்று டப்பா வாங்குங்கள். பாதியில் தீர்ந்து வேறு டப்பாவுக்கு ஓடினால் பளபளப்பு ஒன்றுபோல் வராது.

பெயிண்ட் கடைக்காரரோ பெயிண்டரோ ஹார்டனர் என்ற இறுகவைக்கும் திரவத்தைக் கலந்து அடிக்கிற டூ-கே பெயிண்டைச் சொல்லலாம். உறுதியில் அதற்கு நிகர் கிடையாது, பம்பருக்கு என்றால் வளைந்துகொடுக்கும் சேர்மானமும் கலப்பார்கள். ஆனால் அந்த ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அடிக்கும்போது வரும் புகை நுரையீரலில் போனால் ஆஸ்துமா வரலாம், ஒரு தடவை ஒவ்வாமை வந்துவிட்டால் பிறகு கொஞ்சம் பட்டாலும் மூச்சு முட்டும். முகத்தில் கர்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற பெயிண்டர் தம்பிகளைப் பார்க்கும்போதெல்லாம் மனசு பதைக்கிறது. டூ-கே வேண்டுமென்றால் பெயிண்ட் பூத் உள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். வீட்டில் சாதாரண ஸ்பிரே டப்பாவுக்கும் திறந்த வெளியும், ரசாயன ஆவியை வடிகட்டும் கேட்ரிஜ் வைத்த மாஸ்க்கும் வேண்டும். தூசிக்குப் போடுகிற துணி மாஸ்க் தின்னர் ஆவியைத் தடுக்காது.

நாள் பார்ப்பதும் முக்கியம். மழைக்கால ஈரக்காற்றில் அடித்தால் பெயிண்டில் இருக்கும் தின்னர் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படியும். கறுப்பின் மேல் பால் தெளித்தது மாதிரி வெள்ளைப் படலம் வரும். சித்திரை வெயிலில் அடித்தால் எதிர்க் கோளாறு. பெயிண்ட் பம்பரைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்து மணல் தூவியது போல் உட்காரும். தை, மாசி மாதங்களில், பனி விலகிய பிறகு காலை ஒன்பது மணிவாக்கில், காற்றில்லாத நிழலில் வேலையைத் தொடங்கினால் சரியாக இருக்கும். தரையில் தண்ணீர் தெளித்துக்கொண்டால் புழுதி எழும்பாது.

முதலில் ப்ரமோட்டர், மெல்லியதாக ஒன்று அல்லது இரண்டு கோட். நனைந்தது போலத் தெரிந்தால் போதும், வழிய விடாதீர்கள். அதன் மேல் பெயிண்டை எவ்வளவு நேரத்துக்குள் அடிக்க வேண்டும் என்று டப்பாவில் இருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் அதன் பிடிப்பு போய்விடும், அதனால் பெயிண்ட் டப்பாவை முன்பே குலுக்கித் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே இருக்கும் குண்டு கடகடக்கத் தொடங்கிய பிறகு இரண்டு நிமிடம் குலுக்க வேண்டும். சாட்டின் பெயிண்டில் பளபளப்பைக் குறைக்கிற பொடி அடியில் தங்கியிருக்கும். சரியாகக் குலுக்காவிட்டால் ஒரு பக்கம் பளபளப்பாகவும் மறுபக்கம் மங்கலாகவும் வரும்.

டப்பாவுக்கும் பம்பருக்கும் ஒரு சாண் இடைவெளி, ஏறக்குறைய 20, 25 செ.மீ. பம்பருக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, ஒரே வேகத்தில் கடந்து, மறுமுனைக்கு வெளியே போய் விடுங்கள். ஒவ்வொரு இழுப்பும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். முதல் கோட் பனி படிந்த மாதிரி இருந்தால் போதும், அடியில் பிளாஸ்டிக் தெரியத்தான் செய்யும். முதல் கோட்டிலேயே முழுசாக மூடிவிட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்களுக்குத்தான் வழிசல் விழுகிறது. பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு இரண்டாவது, அதே போல மூன்றாவது. மூன்றுக்கு மேல் போனால் சொரசொரப்பு நிரம்பி, பம்பர் பம்பர் மாதிரியே இருக்காது. நடுவில் நிறுத்தும்போது டப்பாவைத் தலைகீழாகப் பிடித்து ஒரு நொடி அழுத்தினால் வாய் அடைக்காது.

பம்பருக்குப் போகும் முன் கண்ணாடிக் கூட்டில் கை பழகிக்கொள்ளுங்கள், சின்னப் பாகம், தப்பு வந்தாலும் நஷ்டமில்லை. வைப்பருக்குக் கீழே உள்ள பிளாஸ்டிக்தான் வண்டியிலேயே அதிகம் வெயில் வாங்குவது. நாள் முழுக்க வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கிறது. அதைக் கழற்ற வைப்பர் கையை எடுக்க வேண்டும். எடுக்கும் முன் கண்ணாடியில் பிளேடு நிற்கிற இடத்தில் டேப் ஒட்டி அடையாளம் வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் திரும்ப மாட்டும்போது கோணம் மாறிவிடும். கதவுக் கண்ணாடியைச் சுற்றி இருக்கும் ரப்பர் பீடிங்குக்கு மட்டும் பெயிண்ட் அடிக்காதீர்கள். அது ஒவ்வொரு நாளும் அமுங்கி விரிகிற பொருள், ஒரு மாதத்தில் பெயிண்ட் செதில் செதிலாகப் பெயரும். சோப்புப் போட்டுக் கழுவி ரப்பருக்கான சிலிகான் கிரீஸைத் தடவினால் போதும். அதையும் பெயிண்ட் வேலையெல்லாம் முடிந்த பிறகு செய்யுங்கள்.

அரை மணியில் தொட்டால் ஒட்டாது. அதை நம்பி அன்றைக்கே மாட்டிவிடாதீர்கள். மறுநாள் மாட்டலாம், ஒரு வாரத்துக்குச் சோப்பும் பிரஷ்ஷும் படக்கூடாது. பிடித்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பம்பரின் உள்பக்க மடிப்பிலும் சேர்த்து அடித்திருப்பீர்கள் இல்லையா, ஒரு வாரம் கழித்து அங்கே பிளேடால் குறுக்கும் நெடுக்குமாகச் சின்னக் கட்டங்கள் கீறி, செல்லோ டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்பில் கறுப்புக் கட்டங்கள் வரவில்லை என்றால் வேலை தேறிவிட்டது. வந்தால் வெளிப்பக்கமும் உரியும். வருத்தமாக இருந்தாலும் அப்போதே சுரண்டிவிட்டு மறுபடி கழுவுவதிலிருந்து தொடங்குங்கள்.

வாட்டர் வாஷுக்கு விடும்போது பிரஷர் கன்னை விளிம்புகளுக்கு ரொம்பப் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம் என்றும், பிளாஸ்டிக்கில் பாலிஷ் தடவ வேண்டாம் என்றும் சொல்லிவிடுங்கள். பாலிஷ் தடவினால் பெயிண்ட் கெட்டுவிடாது, ஆனால் நாளைக்குக் கல் தெறித்த இடத்தில் டச் அப் கொடுக்கப் போகும்போது அந்தச் சிலிகான் மறுபடி குறுக்கே வரும்.

இப்போது ஐப்பசி மழை, பெயிண்ட் அடிக்கிற காலம் இல்லை. தை வரை இரண்டு மாதம் கையில் இருக்கிறது. இந்த வாரத்திலிருந்தே பாலிஷை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தடவை வண்டி கழுவும்போதும் பம்பரை மட்டும் பாத்திரச் சோப்பும் நைலான் பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்து வாருங்கள். பொங்கல் முடிந்து பம்பரைக் கழற்றும்போது அதில் இருக்கிற பழைய சிலிகானில் பெரும்பகுதி அதற்குள் போயிருக்கும்.